மஃரூபின் இரண்டு மட்ச்

கிரிக்கெட்டிலை ரெண்டாவது கீப்பர் எண்டால் என்ன வேலை எண்டு கனபேருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் ஒரு மனுசனை நாலு வருசம் அந்த வேலையிலை வைச்சிருக்க வெக்கப்பட்டிருப்பினம். சனிக்கிழமை விடிய ஸ்காபரோப் பார்க்கிலை எல்லாருக்கும் முதல் போய் நிக்கிறது ரெண்டாவது கீப்பர். பிச்சுக்குப் போடுற பாயை, மட்டிங்கை, உருட்டி விரிச்சு ஆணி அடிக்கிறது அவன். பந்து போடுறவங்கள் உடம்பைச் சூடாக்கேக்கை அவங்களுக்கு முன்னாலை குந்தியிருந்து பிடிச்சுக் குடுக்கிறது அவன். மட்ச் தொடங்கினவுடனை கிளவ்ஸைக் கழட்டி முதலாவது கீப்பரிட்டைக் குடுத்திட்டு, தண்ணிப் போத்தல்களோடை எல்லைக் கோட்டுக்கு வெளியிலை போய் இருக்கிறதும் அவன்தான். பின்னேரம் மட்டிங்கைச் சுருட்டி வானிலை ஏத்துறதுக்கும் அவனைத்தான் தேடுவினம். கண்டறியாத கீப்பர்!

மஃரூபுக்கு இது விளங்காமல் இல்லை. பிறம்ரனிலை அவன் வேலை செய்த வெயார்ஹவுஸிலை றொபேட் எண்டு ஒரு வெள்ளைக்காரன், பேஸ்போல் விசரன். மஃரூபின்ரை கதையைக் கேட்டிட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். பேஸ்போலிலையும் இப்படி ஒருத்தன் இருப்பானாம், பக்கப் கச்சர் எண்டு. பெரிய லீக்கிலை பேர் இருக்கும், உடுப்பு இருக்கும், வருசம் முழுக்க ஒரு மூலையிலை குந்தியிருந்து பந்து பிடிப்பானாம். முதல் கச்சருக்கு விரல் முறிஞ்சால் மட்டும் உள்ளை விடுவினமாம். விரல் சுகமானவுடனை திரும்பவும் மூலைதானாம்.

"அவங்கட பையைத் தூக்கவா வாப்பா உங்களைப் படிப்பிச்சார்?" எண்டு அஸ்மியா ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் கேப்பாள். மஃரூபின்ரை பெண்சாதி வாயிலை எதையும் வைச்சிருக்கிற ஆள் இல்லை. "ரோசம் எண்டு ஒரு சாமான் இருக்கு. கடையிலை விக்கிறதில்லை. பிறக்கேக்கை கொண்டு வரோணும்."

அவள் கேட்டதிலை பிழையில்லை. ஆனால் விட்டிட்டு வரவும் அவனாலை ஏலேல்லை. ரொறன்ரோவிலை அவனை வெயார்ஹவுஸ்காரனாய், வாடகைக்கு இருக்கிறவனாய்த் தெரிஞ்ச சனம் எத்தினையோ. அவன் ஒரு விக்கெட் கீப்பர் எண்டு தெரிஞ்ச இடம் அந்தப் பழைய மாணவர் கிளப் ஒண்டுதான். யாழ்ப்பாணத்திலை அவங்கட கல்லூரி மைதானத்திலை, பதினேழு வயதிலை, வேகப் பந்துக்கே விக்கெட்டோடை ஒட்டி நிண்டு ஸ்ரம்பிங் செய்தவன் மஃரூப். மாஸ்ரர்மார் வேலிக்கு வெளியிலை நிண்டு பாத்தவை. அது சும்மா கதையில்லை.

ஆனால் கிளப்பிலை முதல் கீப்பர் நிமலன். நிமலன் ஆர்? கிளப் தலைவர் இரத்தினவேலின்ரை மச்சான். அதுக்கு மேலை ஒரு தகுதியும் வேண்டாம். பந்து அவன்ரை காலுக்கு நடுவாலை போய் எல்லைக்கோட்டைத் தொட்டிட்டு வரும், அவன் அப்பவும் குனிஞ்சு தேடிக்கொண்டு நிப்பான். ஆள் நல்லவன், சொல்லக்கூடாது. கீப்பர்தான் இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கிளப் முதலாம் டிவிஷனுக்கு ஏறினது. ரொறன்ரோ லீக்கிலை அதுக்கு மேலை ஒண்டும் இல்லை. யமேக்காக்காரர், கயானாக்காரர், பாகிஸ்தான்காரர் எல்லாம் ஊரிலை பேர் எடுத்திட்டு வந்து விளையாடுற டிவிஷன். ஏறின சந்தோசப் புழுகத்திலை றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு அருச்சனை, பிறகு ஹோலிலை விருந்து. மஃரூப் கதிரை அடுக்கினான். ஆடி மாசம் நிமலன்ரை விரல் முறிஞ்சுது. அதுவும் மட்சிலை இல்லை, கார்க் கதவிலை.

கப்ரின் யேசுரட்ணம் போன் எடுத்து, "மஃரூப், சனிக்கிழமை நீதான்" எண்டான். மஃரூப் போனை வைச்சிட்டுக் குசினிக்குள்ளை போய்ச் சும்மா நிண்டான். அஸ்மியா அவன்ரை முகத்தைப் பாத்திட்டு ஒரு நையாண்டியும் பண்ணேல்லை.

அந்த ரெண்டு மட்சைப் பற்றி இண்டைக்கும் கதைக்கிற ஆக்கள் இருக்கினம். முதல் மட்சிலை கயானாக்காரரின்ரை ஓப்பினர் பின்னங்காலை ஒருக்கால் தூக்கினான், அவ்வளவுதான். திரும்பிப் பாக்கேக்கை ஸ்ரம்புக்கு மேலை இருந்த பேய்ல்ஸ் நிலத்திலை. ரெண்டாவது மட்சிலை பின்னுக்குப் போன பந்து ஒண்டும் இல்லை. மற்றப் பக்கத்து அம்பயர், வயசான பாபேடோஸ்காரன், மட்ச் முடிய நடந்து வந்து மஃரூபின்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினான். யேசுரட்ணம் காரடியிலை வைச்சுச் சொன்னான்: "அடுத்த மட்ச் பாகிஸ்தான்காரரோடை. அதையும் இப்படிச் செய். நிமலன் சுகமாகி வந்தாலும் அடுத்த வருசம் நீதான் முதல் கீப்பர். இரத்தினவேல் அண்ணையோடை நான் கதைக்கிறன்."

அதுக்குப் பிறகுதான் மஃரூப் திகதியைப் பாத்தான். அடுத்த மட்ச் நினைவு மட்ச்.

நினைவு மட்ச் கிளப்பின்ரை வழமை. வருசத்தின்ரை கடைசி ஹோம் மட்சண்டைக்கு, போராட்டத்திலை செத்த ஒரு பழைய மாணவனின்ரை படத்தை மேசையிலை வைச்சு, விளக்குக் கொளுத்தி, பதினொரு பேரும் வரிசையிலை போய்ப் பூப் போட்டிட்டுத்தான் மைதானத்துக்குள்ளை இறங்குவினம். படத்திலை இருக்கிறவன் குகதாசன். மஃரூபின்ரை வகுப்பு. கல்லூரி ரீமின்ரை வேகப் பந்துக்காரன். மஃரூப் விக்கெட்டோடை ஒட்டி நிண்டது அவன்ரை பந்துக்குத்தான்.

போன மூண்டு வருசமும் அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் மஃரூபுக்கு ஓவர்ரைம் இருந்தது. கிளப்பிலை ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை. தண்ணிப் போத்தல் தூக்கிறவன் வராட்டி ஆர் கவனிக்கிறது? அதோடை அவையிலை முக்கால்வாசிப் பேர் எண்பத்திமூண்டு, எண்பத்திநாலிலை வெளிக்கிட்டு வந்தவை. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாசம் யாழ்ப்பாணத்துச் சோனகரை, முஸ்லிம் சனம் முழுக்கவும், ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை வெளியேறச் சொல்லி இயக்கம் ஸ்பீக்கரிலை அறிவிச்சதை அவை கனடாவிலை இருந்து பேப்பரிலை வாசிச்சவை. வாசிச்சுப்போட்டுப் பக்கத்தைப் புரட்டினவை.

"போகாதேங்கோ" எண்டாள் அஸ்மியா.

"போகாட்டி நிமலன் கட்டுப் போட்ட கையோடை நிப்பான். அதோடை சரி. சாகுமட்டும் மட்டிங் சுருட்ட வேண்டியதுதான்."

"அப்ப போய்ப் பூப் போடுவீங்களா? அவனுக்கு? அண்டைக்கு எங்கட லாத்தாட காதிலை கிடந்ததைக் கழட்டச் சொல்லி நிண்டவனுக்கு?"

மஃரூப், தன்ரை அக்காவின்ரை காதை நினைக்காமல் இருக்க, கிளவ்ஸை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

சனிக்கிழமை வந்தது. நல்ல வெயில். பார்க் முழுக்கச் சனம், றோல்ஸ் பொரிக்கிற மணம், பிள்ளையள் ஓடித் திரியுதுகள். மஃரூப் வழமை மாதிரி மட்டிங்கை விரிச்சிட்டு நிமிர்ந்தான். மேசையிலை படம் வந்திட்டுது. இந்த முறை புதுசு, ஆள் உயரத்துக்குப் பெருப்பிச்சது. கல்லூரி ரீம் போட்டோவிலை இருந்து வெட்டி எடுத்தது எண்டு கண்டவுடனை விளங்கினது, ஏனெண்டால் குகதாசன்ரை தோளிலை ஒரு கை கிடந்தது. கை மட்டும். மிச்ச ஆளை வெட்டிப்போட்டாங்கள். அது மஃரூபின்ரை கை.

படத்துக்குப் பக்கத்திலை கதிரையிலை ஒரு வயசான மனுசி, வெள்ளைச் சீலையோடை. பிரதம விருந்தினர். குகதாசன்ரை தாய் பாலேஸ்வரி. போன மாரியிலை மகள் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டு, கிட்டடியிலை வோபர்னிலை இருக்கிறாவாம். மஃரூப் அவவின்ரை வீட்டிலை எத்தினை தரம் சாப்பிட்டிருப்பான்! பெருநாளுக்கு மஃரூபின்ரை உம்மா வட்டிலப்பம் குடுத்துவிட, தைப்பொங்கலுக்கு அவ புக்கை குடுத்துவிட, ரெண்டு வீட்டுப் பாத்திரமும் கலந்து போன காலம் அது. அவ அவனை இன்னும் காணேல்லை. அவன் நிமலனுக்குப் பின்னாலை மறைஞ்சு நிண்டான். என்ன வெக்கக்கேடு! களவெடுத்தவன் அவனில்லை, ஒளிக்கிறவன் மட்டும் அவன்.

வரிசை கட்டத் தொடங்கினாங்கள். மஃரூபின்ரை கால் அசையேல்லை. இரத்தினவேல் அதைக் கண்டிட்டுப் பக்கத்திலை வந்து, தோளிலை கை போட்டு, காதுக்குள்ளை நல்ல பட்சமாய்ச் சொன்னார்: "தம்பி, எனக்கு விளங்குது. உங்கட மார்க்கத்திலை படத்துக்குப் பூப் போடுறேல்லை என்ன? பரவாயில்லை. நீர் போடவேண்டாம். சும்மா வரிசையிலை நில்லும், காணும். நாங்கள் எல்லாச் சமயத்தையும் மதிக்கிற ஆக்கள்."

பாருங்கோ, எவ்வளவு லேசாய்க் கதவைத் திறந்து விட்டார் மனுசன்! வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை. தலையை ஆட்டினால் போதும். மட்ச் இருக்கு, கிளவ்ஸ் இருக்கு, அடுத்த வருசம் இருக்கு. மஃரூப் தலையை ஆட்டினான். ஆட்டேக்கையே அவனுக்குத் தன்னிலை அருவருப்பு வந்தது. போகாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டும் கூடவந்த அஸ்மியா அங்காலை கதிரையிலை இருந்து பாத்துக்கொண்டிருந்தாள்.

இரத்தினவேல் அதோடை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் எல்லாம் தப்பியிருக்கும். ஆனால் மைக்கைக் கண்டால் விடுற ஆளோ அவர்? பத்துப் பேரும் பூப் போட்டு முடிய, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்: "மதத்தால் வேறுபட்டாலும் மண்ணால் ஒன்றுபட்ட எங்கள் அன்புச் சகோதரன் மஃரூப், தனது மார்க்கத்தின் காரணமாக இன்று மலர் தூவவில்லை. ஆனால், குகதாசனின் உயிர்த் தோழனான அவர், உள்ளத்தால் மலர் தூவுகிறார். எங்கள் மண்ணில் தமிழரும் முஸ்லிம்களும் என்றைக்கும் அண்ணன் தம்பியாகவே வாழ்ந்தோம் என்பதற்கு இவரே சாட்சி."

சனம் கை தட்டினது. ஐயோ, என்ன கை தட்டு! சிலபேர் எழும்பி நிண்டு தட்டிச்சினம். ஒரு மனுசி கண்ணைத் துடைச்சுது. அவ்வளவு பெருந்தன்மை தங்களிட்டை இருக்கு எண்டு அண்டைக்குத்தான் அவைக்கே தெரிஞ்சிருக்கும்.

மஃரூபுக்குக் கோவம் பத்திக்கொண்டு வந்தது. ஆறு வருசம் அமத்தி வைச்சது. துரத்தினதையும் பொறுத்துக்கொள்ளலாம். துரத்தவேயில்லை எண்டு தன்னைக் கொண்டே சாட்சி சொல்ல வைக்கிறாங்களே, இதை எப்படிப் பொறுக்கிறது? நேரை போய் இரத்தினவேலின்ரை கையிலை இருந்து மைக்கைப் பறிச்சான்.

"சாட்சி எண்டு சொல்லிப்போட்டார் தலைவர். அப்ப சாட்சி சொல்லத்தானே வேணும்" எண்டான். "நான் பூப் போடாததுக்குக் காரணம் மார்க்கம் இல்லை. என்ரை மார்க்கத்தைக் கொண்டு வந்து உங்கட வெக்கத்தை மூடாதேங்கோ. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாசம் எங்களைத் துரத்தேக்கை, எங்கட தெரு முடக்கிலை துவக்கோடை நிண்டது இவன். இந்தா, இந்தப் படத்திலை இருக்கிறவன். என்னை 'டேய் மஃரூப்' எண்டு கூப்பிட்டவன், அண்டைக்கு 'நீங்கள் வரிசையிலை நில்லுங்கோ' எண்டான். நீங்களாம்! ஒருநாளும் காணாத ஆளிட்டைச் சொல்லுறது போலை. என்ரை லாத்தாவின்ரை தோட்டைக் கழட்ட வைச்சான். கைப்பிள்ளைக்குக் கொண்டு வந்த சுடுதண்ணிப் போத்தலை வாங்கி ஒரு பக்கத்திலை வைச்சான். உடுத்த உடுப்போடை வவுனியா வரைக்கும் போனம். அண்ணன் தம்பியாம்! எந்த அண்ணன் தம்பி? உங்கள் ஒருத்தருக்கும் தெரியாதோ? தெரியும். எல்லாருக்கும் தெரியும். கை தட்டேக்கையும் தெரியும்!"

பாகிஸ்தான்காரர் பாஷை விளங்காமல் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்கள். றோல்ஸ் பொரிச்சுக்கொண்டிருந்தவரும் கரண்டியோடை அப்படியே நிண்டார்.

"தம்பி, இது அதுக்குரிய இடமில்லை" எண்டார் இரத்தினவேல். முகம் கறுத்துப் போச்சு.

"எது அண்ணை இடம்? சொல்லுங்கோ, போறன். ஆறு வருசமாய்த் தேடுறன்."

பின்னுக்கிருந்து ஆரோ, "உவனை ஆர் கிளப்பிலை சேர்த்தது?" எண்டு கத்தினான். இன்னொருத்தன், "அந்தத் தாய் இருக்கேக்கை கதைக்கிற கதையோ இது, விசரா!" எண்டான். அம்பயர்மார் நேரத்தைக் காட்டிச்சினம். யேசுரட்ணம் மஃரூபுக்குக் கிட்ட வந்தான், ஆனால் அவன்ரை முகத்தைப் பாக்கேல்லை. அவன்ரை கையிலை இருந்த கிளவ்ஸைப் பாத்தான்.

"இதை நிமலன் போடட்டும்" எண்டான்.

"அவன்ரை விரல் வீங்கிப்போய்க் கிடக்கு, யேசு."

"தெரியும். இப்ப நீ உள்ளை இறங்கினால் எங்கட பெடியளே விளையாட மாட்டாங்கள். என்னைப் பிழையாய் நினைக்காதை."

"உன்னைப் பிழையாய் நினைக்க என்ன இருக்கு? நீ பூவைப் போட்டிட்டாய், வேலை முடிஞ்சுது" எண்டு சொல்லி மஃரூப் கிளவ்ஸைப் புல்லிலை எறிஞ்சான். நிமலன் குனிஞ்சு அதைப் பொறுக்கேக்கை, "மச்சான், நான் கேக்கேல்லை இதை" எண்டு மெதுவாய்ச் சொன்னான். பாவம், அவன் சொன்னது உண்மைதான்.

மட்ச் தொடங்கினது. மஃரூப் அஸ்மியாவைக் கூட்டிக்கொண்டு கார் நிக்கிற பக்கம் நடந்தான். இவ்வளவு நாளும் நையாண்டி பண்ணின அவள் அண்டைக்கு அவன்ரை சேட்டுக் கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தாள்.

"மஃரூப்! நில்லு மகன்!"

திரும்பினால் பாலேஸ்வரி. புல்லிலை சீலை தடக்க, மூச்சு வாங்க, தனிய வாறா. மஃரூபுக்கு இன்னும் கோவம் ஏறினது. இவவும் இப்ப வந்து திட்டப் போறா. திட்டட்டும், இண்டைக்கு ஒருத்தருக்கும் தலை குனியிறேல்லை எண்டு நிண்டான்.

அவ கிட்ட வந்து அவன்ரை ரெண்டு கையையும் பிடிச்சா. "நீ அவனைக் கண்டனியோ?"

"கண்டனான் எண்டுதானே இப்ப மைக்கிலை சொன்னனான், அம்மா."

"அந்த வருசம் ஆனியிலை பயிற்சிக்கு எண்டு போனவன், மகன். பிறகு வீட்டுப்படி மிதிக்கேல்லை. பெட்டியிலைதான் வந்தவன். பெட்டியைத் திறந்து காட்டவும் விடேல்லை. நீ ஐப்பசியிலை கண்டிருக்கிறாய்." அவவின்ரை பிடி இறுகினது. "மெலிஞ்சு போனவனோ?"

எவ்வளவு வசவுக்கு மஃரூப் மறுமொழி வைச்சிருந்தான்! இந்தக் கேள்விக்கு வைச்சிருக்கேல்லை. இவவுக்காகக் குகதாசனை நினைச்சுப் பாக்கவேண்டி வந்ததே எண்டு அதுவும் கோவமாய்த்தான் வந்தது.

"ஓம், அம்மா. மெலிஞ்சு, கறுத்து. கன்னம் ஒட்டிப் போய்."

"உனக்கு ஒரு நல்லதும் செய்யேல்லையோ? ஆருக்கும் தெரியாமல், ஒரு வாய்த் தண்ணியாவது? ஒரு சொல்லாவது?"

அவ என்ன கேக்கிறா எண்டு அவனுக்கு நல்லாய் விளங்கினது. ஒரு சின்னப் பொய். அந்தப் பொய்யைப் பிடிச்சுக்கொண்டு மனுசி மிச்சக் காலத்தைக் கழிச்சிடும். அஸ்மியாவும் அவன்ரை வாயைத்தான் பாத்துக்கொண்டு நிண்டாள். அண்டைக்குக் காலமை தலையை ஆட்டின மாதிரி இன்னொருக்கால் ஆட்டிவிட்டால் முடிஞ்சுது.

"இல்லை, அம்மா" எண்டான். "ஒண்டும் செய்யேல்லை."

பாலேஸ்வரி கையை விடேல்லை. "இனாயா எங்கை இருக்கிறா?" எண்டு கேட்டா.

"உம்மா மௌத்தாப் போனா. புத்தளத்திலை, அகதி முகாமிலைதான் கண்ணை மூடினா. ஓலைக் கொட்டிலுக்குள்ளை."

"நூருல் இனாயாவோ! எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே…" எண்டவ, பிறகு தானே தலையை ஆட்டினா. "சொல்லாட்டி என்ன? அண்டைக்கு அந்த ஸ்பீக்கர் சத்தம் என்ரை வீட்டுக்கும் கேட்டது, மகன். நான் கேட்டனான். கேட்டிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளை இருந்தனான். இனாயா போறாவே, ஓடிப்போய் ஒருக்கால் பாப்பம் எண்டு ஒரு எட்டு வைக்கேல்லை நான்."

பரவாயில்லை எண்டு மஃரூப் சொல்லேல்லை, ஏனெண்டால் அது பரவாயில்லை எண்டு விடக்கூடிய விசயம் இல்லை.

"உன்ரை கார் எது?" எண்டா பாலேஸ்வரி. "என்னை வீட்டை கொண்டு போய் விடு."

அதுக்குள்ளை இரத்தினவேல் ஓடி வந்திட்டார். "அம்மா, எங்கை போறியள்? பின்னேரம் நீங்கள்தானே கிண்ணம் குடுக்கோணும். சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிக்குது. உவன் சொன்னதைக் காதிலை விழுத்தாதேங்கோ, உவனுக்கு மூளை குழம்பிப் போச்சு."

"அவனுக்கு ஒண்டும் குழம்பேல்லை" எண்டு பாலேஸ்வரி சொன்னா. "கிண்ணத்தை நீர் குடும். கை தட்டத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்தானே."

"மஃரூப், சொல்லுறதைக் கேள்" எண்டு இரத்தினவேல் இப்ப அவன்ரை பக்கம் திரும்பினார். 'நீர்' போய் 'நீ' வந்திட்டுது. "நீ அவவை இப்ப கூட்டிக்கொண்டு போனாய் எண்டால் இந்தக் கிளப்பிலை உனக்கு இடமில்லை."

"எந்த இடத்தை அண்ணை எடுக்கப் போறியள்? தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்திலை இருந்ததையோ?" எண்டு கேட்டு மஃரூப் கார்க் கதவைத் திறந்தான்.

எல்லாரும் பாத்துக்கொண்டுதான் நிண்டவை. மைதானத்துக்குள்ளை நிண்ட பெடியளும் திரும்பிப் பாத்தாங்கள். பிரதம விருந்தினர் மஃரூபின்ரை பழைய கொறோலாவிலை முன் சீற்றிலை ஏறி இருந்தா. பெல்ற் போடத் தெரியேல்லை. அவன் எட்டி இழுத்துப் பூட்டி விட்டான். பின்னுக்கு அஸ்மியா.

மஃரூப் ஸ்ரியரிங்கை முறிக்கிற மாதிரிப் பிடிச்சிருந்தான். மனுசியிலை இரக்கமாய்த்தான் இருந்தது. ஆனால் கோவம் ஒரு துளியும் குறையேல்லை. குறையவேணும் எண்டு ஆர் சொன்னது?

"உன்னட்டை மன்னிப்புக் கேக்க மாட்டன், மகன்" எண்டு பாலேஸ்வரி ரோட்டைப் பாத்துக்கொண்டு சொன்னா. "நான் கேட்டால், என்ரை வயசுக்கு நீ தரவேண்டி வரும்."

"ஓம், அம்மா" எண்டான் மஃரூப். "கேக்காதேங்கோ."

பிறகு, எந்தச் சந்தியிலை திருப்ப வேணும் எண்டு கேட்டான்.